கால் வேலி நிலம்

2022 மார்ச் மாதம். முதலாண்டு இளங்கலை வகுப்பில் கல்வெட்டுத் தமிழ் நடத்திக்கொண்டிருந்தேன். உத்திரமேரூர் வந்தது. குடவோலை முறை என்று நான் கரும்பலகையில் எழுதுவதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "மேடம், தாம்பரத்துக்கு இப்போ ஒரு அக்கா மேயரா வந்திருக்காங்களே, அவங்க அந்தக் குடத்துல பேர் போட்டிருக்க முடியுமா?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அன்று பாடம் அந்தக் கேள்வியைத் தாண்டி நகரவில்லை. அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டுமென்றால் பதினோரு நூற்றாண்டுகளைக் கடக்க வேண்டும்.

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருப்பவை முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள். ஒன்று 919ஆம் ஆண்டு, மற்றது 921. முதலில் போட்ட விதிகளில் ஓட்டை இருந்ததால் இரண்டாண்டு கழித்துத் திருத்தியிருக்கிறார்கள். ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஏதும் அறியாத ஒரு சிறுவனைக்கொண்டு எடுக்கச் செய்தார்கள். இதுவரை பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்போம். தகுதி என்ன என்பதைப் பள்ளிப் புத்தகம் வேகமாகக் கடந்துவிடும். வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். இன்றைய கணக்கில் ஒன்றரை ஏக்கருக்குச் சற்று மேல். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். வேதமும் பிராமணமும் அறிந்திருக்க வேண்டும். கற்றது கூடுதலாக இருந்தால் நிலம் அரைக்கால் வேலி போதும் என்று ஒரு சலுகையும் உண்டு. இது பிரமதேயச் சபை. நிலமும் வேதமும் யாரிடம் இருந்தன என்பதை விளக்க வேண்டியதில்லை.

தாம்பரத்தின் முதல் மேயர் வசந்தகுமாரி பதவியேற்றபோது அவருக்கு வயது 25. அந்த மேயர் பதவி பட்டியல் சாதிப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. ஆக, என் மாணவி சொன்ன 'அக்கா' உத்திரமேரூர் குடத்தின் அருகே போயிருந்தால் வயதில் பத்தாண்டு குறைவு என்பதுதான் சொல்லப்படும் காரணங்களிலேயே மிகச் சிறியதாக இருந்திருக்கும்.

அந்தக் கல்வெட்டில் பெண்ணே இல்லையா என்றால், இருக்கிறாள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவனுடைய உறவினரும் போட்டியிடக் கூடாது என்று ஒரு விதி. உறவினர் யார் யார் என்று நீண்ட பட்டியல் வருகிறது: தாயின் உடன்பிறந்தாள் மகன், தந்தையின் உடன்பிறந்தாள் மகன், மனைவியின் உடன்பிறந்தான், உடன்பிறந்தாளை மணந்தவன், மகளை மணந்தவன். பெரியம்மா, சித்தி, அத்தை, மனைவி, தங்கை, மகள் எல்லோரும் வந்துவிட்டார்கள். இரண்டு ஆண்களுக்கு நடுவே ஒரு முடிச்சாக. வகுப்பில் இதைச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை.

அதே சபையில் ஏரி வாரியம் என்று ஒன்று இருந்தது. தோட்ட வாரியம், பொன் வாரியம் போல ஏரிக்குத் தனி வாரியம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வருவோம்.

நான் தாம்பரத்தில் வளர்ந்தவள். கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் 1931லேயே வந்துவிட்டது. சென்னை கிறித்தவக் கல்லூரி 1937ல் ஜார்ஜ் டவுனை விட்டு இங்கே வந்தது. அதற்கும் முன்பே காசநோய்க்காரர்களுக்காகச் சானடோரியம். நகரத்துக்கு இடம் போதாதவை, நகரத்துக்கு வேண்டாதவை எல்லாம் தண்டவாளத்தோடு தெற்கே வந்தன. குரோம்பேட்டை என்ற பெயரே ஒரு குரோம் தோல் தொழிற்சாலையால் வந்தது. பம்மல், பல்லாவரம் பக்கத்துத் தோல் பதனிடும் ஆலைகள் ஊருக்குச் சோறு போட்டன. நிலத்தடி நீரைக் கெடுத்தன. அனகாபுத்தூரில் தறி. என் அம்மா தலைமுறைப் பெண்கள் ஒரு தெருவின் கிணறு உப்பா நல்ல தண்ணீரா என்பதை வைத்துத்தான் அந்தத் தெருவுக்குப் பெண் கொடுப்பதை யோசித்தார்கள்.

இப்படித் தனித்தனியாக வளர்ந்த ஊர்களை 2021 நவம்பரில் ஒரே மாநகராட்சியாக்கினார்கள். தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என ஐந்து நகராட்சிகள். சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை, திருநீர்மலை என ஐந்து பேரூராட்சிகள். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி பல்லாவரம் நகராட்சியில் 2,15,417 பேர், தாம்பரத்தில் 1,74,787 பேர். ஆனாலும் பெயர் தாம்பரத்துக்குப் போனது. (பல்லாவரத்துத் தோழி ஒருத்தி இன்னும் இதை மன்னிக்கவில்லை.) புதிய மாநகராட்சிக்கு ஐந்து மண்டலங்கள், 70 வார்டுகள்.

இந்த எழுபதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பழைய பல்லாவரம் நகராட்சிக்கு மட்டும் 42 வார்டுகள். பழைய தாம்பரத்துக்கு 39. இரண்டையும் கூட்டினாலே 81 வருகிறது. மற்ற எட்டு ஊர்களின் வார்டுகளையும் சேர்த்தால் எங்கோ போகும். எல்லாம் சுருங்கி எழுபதாயின. 2011 கணக்கை வைத்தே பார்த்தாலும் ஒரு வார்டுக்குச் சுமார் பத்தாயிரம் பேர். அதற்குப் பிறகு அடுக்குமாடிகளில் குடியேறியவர்களை எந்தக் கணக்கெடுப்பும் இன்னும் எண்ணவில்லை. பேரூராட்சியாக இருந்தபோது கவுன்சிலர் வீடு இரண்டு தெரு தள்ளி இருந்தது. தண்ணீர் வரவில்லையென்றால் காலிக் குடத்தோடு போய் வாசலில் நிற்கலாம். மாநகராட்சி என்பது பெருமை, நிதி, பெரிய திட்டங்கள், மறுக்கவில்லை. ஆனால் அந்த வாசல் இப்போது தூரத்தில் இருக்கிறது. குடத்தோடு நடப்பவளுக்குத்தான் அந்தத் தூரம் தெரியும்.

இணைப்பு நடந்தபோது இந்தப் பத்து ஊர்களில் ஒன்றில்கூடத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை. 2016 அக்டோபரில் நடக்கவேண்டிய உள்ளாட்சித் தேர்தலின் அறிவிப்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அந்த மாதமே பழைய மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. அதிலிருந்து 2022 பிப்ரவரி 19 வரை தமிழ்நாட்டு நகரங்களுக்குத் தேர்தலே இல்லை. தனி அலுவலர்கள் நடத்தினார்கள். ஐந்தாண்டுக்கும் மேல் ஓர் ஊர் உறுப்பினர் இல்லாமல் இயங்கலாம் என்றால் உறுப்பினர் எதற்கு என்ற எண்ணம் அதிகாரிகளுக்கு மட்டுமல்ல, மக்களுக்கும் வந்துவிட்டது. உங்கள் ஊரைப் பக்கத்து ஊரோடு சேர்க்கலாமா என்று கேட்க வேண்டிய இடத்தில் கேட்கப்பட ஆளே இல்லை.

பெண்களுக்கு இந்த இடைவெளி இரட்டை இழப்பு. அரசியலமைப்பின் 74ஆம் திருத்தம் 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்து நகர மன்றங்களில் மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்குத் தந்தது. 1996ல் தமிழ்நாட்டில் அதன்படி முதல் தேர்தல். 2016 தொடக்கத்தில் தமிழ்நாடு அதைப் பாதியாக உயர்த்திச் சட்டம் செய்தது. சட்டம் வந்த ஆண்டே தேர்தல் நின்றுபோனது! பாதி இடம் என்பது ஆறாண்டு காகிதத்தில் இருந்தது. 2022ல் 21 மாநகராட்சிகளில் 11 மேயர் பதவிகள் பெண்களுக்கு வந்தபோது தொலைக்காட்சிகள் புரட்சி என்றன. தாமதமாக வந்த பாக்கி என்று நான் சொல்வேன். சென்னை மாநகராட்சி 1688ல் தொடங்கியது. முதல் பெண் மேயராகத் தாரா செரியன் வந்தது 1956ல். பட்டியல் சாதியிலிருந்து ஒரு பெண், ஆர். பிரியா, மேயராக வருவதற்கு அதன் பிறகும் 66 ஆண்டுகள்.

சரி, மேயர் என்ன செய்வார்? என் மாணவிகள் அடுத்துக் கேட்டது இதைத்தான். அங்கி, சங்கிலி, செங்கோல் எல்லாம் படத்தில் பார்த்துவிட்டார்கள். மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை என்பது பலருக்குத் தெரியவில்லை. தெரியாததில் வியப்பும் இல்லை; விதி அத்தனை முறை மாறியிருக்கிறது. 1996லும் 2001லும் 2011லும் மக்களே மேயருக்கு வாக்களித்தார்கள். 2006லும் 2022லும் கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுத்தார்கள். நேரடித் தேர்தலில் வரும் மேயருக்கு ஊர் முழுவதும் பின்னால் நிற்கும். மறைமுகத் தேர்தலில் வருபவர் கட்சித் தலைமையின் பட்டியலில் முதலில் வர வேண்டும், அதன் பிறகே மன்றம். பாதிப் பதவிகள் பெண்களுக்கு வந்த தேர்தல் மறைமுகத் தேர்தலாக இருந்தது தற்செயலாக இருக்கலாம். இருந்தாலும் நான் அதைக் குறித்து வைத்திருக்கிறேன்.

மேயர் மாமன்றத்துக்குத் தலைமை தாங்குகிறார். தீர்மானங்கள் அங்கே நிறைவேறுகின்றன. நிறைவேற்றும் அதிகாரம், ஊழியர்கள், கோப்புகள் எல்லாம் ஆணையரிடம். ஆணையரை நியமிப்பது மாநில அரசு. மண்டலங்களுக்கு மண்டலக் குழுத் தலைவர்கள், வரி, பணி, சுகாதாரம், கல்வி, நகரமைப்பு, கணக்கு என்று நிலைக்குழுக்கள். ஒரு பெண் கவுன்சிலர் எந்த நிலைக்குழுவில் இருக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். பணிகள் குழு, வரிக் குழு என்றால் டெண்டரும் பணமும் கண்ணில் படும். கல்வி, சுகாதாரம் 'பெண்களுக்கு ஏற்றது' என்று சொல்லித் தள்ளிவிடுவார்கள். நம் வீடுகளில் நடப்பதுதான்.

இதற்கெல்லாம் சட்டம் 1998ல் இயற்றியது. 2000ல் நிறுத்திவைத்து, 2023 ஏப்ரலில்தான் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். சட்டத்தைவிட எனக்கு நெருக்கமானது அரசியலமைப்பின் பன்னிரண்டாம் அட்டவணை. நகர்ப்புற உள்ளாட்சிகளுக்குக் கொடுக்கலாம் என்று அதில் 18 பணிகள் இருக்கின்றன. குடிநீர், துப்புரவு, குடிசைப் பகுதி மேம்பாடு, தெரு விளக்கு, பூங்கா, இடுகாடு சுடுகாடு, பிறப்பு இறப்புப் பதிவு. முதல்முறை படித்தபோது எனக்கு அரசாங்க ஆவணம் போலவே தோன்றவில்லை. என் பாட்டி ஒரு நாளில் செய்த வேலைகளின் பட்டியல் அது. தண்ணீர் எடுப்பது, குப்பை அள்ளுவது, விளக்கேற்றுவது, பிள்ளைப்பேறு பார்ப்பது, இழவு வீட்டில் நிற்பது. பாட்டி செய்தபோது சம்பளம் இல்லை. நகரம் செய்யும்போது ஒப்பந்தம், டெண்டர், கமிஷன். தெருவைக் கூட்டும் பெண்ணின் கையில் வந்து சேரும்போது மட்டும் அது மறுபடியும் கூலி குறைந்த வேலையாகிவிடுகிறது.

பட்டியல் அழகாக இருக்கிறது. அதிகாரம் சிதறிக் கிடக்கிறது. ஒரு புறநகரில், ஊர் பெயர் வேண்டாம், பகுதி சபைக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். கிராம சபைபோல நகரத்திலும் வார்டு குழு, பகுதி சபை வேண்டும் என்று பல ஆண்டு கேட்டதன் பலனாக 2022ல் விதிகள் வந்து, அந்த ஆண்டு நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தில் முதன்முதலாகக் கூட்டினார்கள். ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள், டீ. முன்வரிசையில் குடியிருப்போர் சங்கத்து ஆண்கள், கையில் மனுக் கோப்புகளோடு. ஒரு பெண்மணி எழுந்தார். ஐம்பது வயது இருக்கும். மழை வந்தால் தன் வீட்டுக்குள் ஏரித் தண்ணீர் வருகிறது, யாரைக் கேட்பது என்றார்.

பதில்கள் வந்தன. ஏரி நீர்வளத் துறையுடையது. அதன் உபரி நீர்க் கால்வாய் சாலையைக் கடக்கும் இடம் நெடுஞ்சாலைத் துறையுடையது. கால்வாயை மறித்து எழுந்த கட்டடத்துக்குத் திட்ட அனுமதி தந்தது வேறோர் அமைப்பு. மழைநீர் வடிகால் மட்டும் உள்ளாட்சியுடையது. எல்லாம் உண்மைதான், யாரும் பொய் சொல்லவில்லை. அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "வீட்டுக்குள்ள வர்ற தண்ணி மட்டும் என்னுதுங்க. சரி."

அப்போது எனக்கு ஏரி வாரியம் நினைவுக்கு வந்தது. அந்தச் சபையில் நமக்கு இடமில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். ஏரி ஊருக்குரியது, ஏரிக்குப் பொறுப்பானவர் ஊருக்குள் நடமாடுபவர் என்ற ஒன்றாவது அங்கே தெளிவாக இருந்தது. இன்று தாம்பரம் மாநகராட்சிக்குள் செம்பாக்கம், சிட்லபாக்கம், பீர்க்கன்கரணை என்று ஏரியின் பெயரும் ஊரின் பெயரும் ஒன்றாகவே இருக்கின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மேற்குத் தாம்பரத்திலும் முடிச்சூரிலும் மொட்டை மாடிகளில் நின்றவர்களுக்கு அடையாற்றின் வரைபடம் ஒரே இரவில் மனப்பாடமானது. அந்த அறிவை எந்த நிலைக்குழுவும் பதிவு செய்யவில்லை.

பணம் பற்றியும் சொல்ல வேண்டும். உள்ளாட்சியின் சொந்த வருவாயில் முதன்மையானது சொத்து வரி. 2022 ஏப்ரலில், தேர்தல் முடிந்து மன்றங்கள் கூடிய சில வாரங்களில், மாநில அரசு சொத்து வரியை 25 முதல் 150 சதவீதம் வரை உயர்த்தியது. புதிதாக வந்த பெண் தலைவர்கள் பலர் தங்கள் மேசைக்கு வந்த முதல் பெரிய தீர்மானமாக இதைத்தான் நிறைவேற்ற நேர்ந்தது. முடிவு வேறிடத்தில் எடுக்கப்பட்டது, வசவு வார்டில் விழுந்தது. நான் சொல்ல வந்தது வேறு. சொத்து வரி ரசீதில் யார் பெயர் இருக்கிறது? வகுப்பில் ஒருமுறை வீட்டு ரசீதைப் பார்த்து வரச் சொன்னேன். அப்பா பெயர், தாத்தா பெயர், இறந்துபோன தாத்தாவின் பெயர். நாற்பது பேரில் மூன்று பேர் வீட்டில் அம்மா பெயர். பதினோரு பேர் ரசீதே இல்லை என்றார்கள், வாடகை வீடு. ஆனால் குடியிருப்போர் சங்கமோ பகுதி சபையின் முன்வரிசையோ ரசீதுக்காரர்களுடையது. கால் வேலி நிலம் சட்டத்திலிருந்து போய்விட்டது. நாற்காலி வரிசையில் இன்னும் இருக்கிறது.

இந்த இடத்தில் லீலாவதியைப் பேசாமல் நகர முடியாது. மதுரை வில்லாபுரம். கைத்தறி நெசவாளி, மார்க்சிஸ்ட் கட்சிக்காரர். 1996 தேர்தலில் மாநகராட்சி உறுப்பினரானார். வார்டுக்குக் குடிநீர் கேட்டு விடாமல் போராடினார். தண்ணீரைக் காசாக்கிக்கொண்டிருந்தவர்களுக்குக் குழாய் வருவது பிடிக்கவில்லை. 1997 ஏப்ரல் 23 அன்று, உறுப்பினராகி ஏழு மாதம்கூட ஆகாத நிலையில், பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். உள்ளாட்சி என்றால் சின்ன அரசியல், சாக்கடை அரசியல் என்று சொல்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் இந்தப் பெயரைச் சொல்கிறேன். ஒரு தெருக்குழாய்க்காக ஒரு பெண்ணைக் கொல்லுமளவுக்கு அதில் பணமும் அதிகாரமும் இருக்கிறது.

எல்லாப் பெண் கவுன்சிலர்களும் லீலாவதி அல்ல என்பதும் தெரியும். 'கவுன்சிலர் வீட்டுக்காரர்' என்ற பதவியை எந்தச் சட்டமும் உருவாக்கவில்லை. ஆனால் சுவரொட்டியில் அவர் படம்தான் பெரிது. என் முதுகலை மாணவி ஒருத்தியின் அம்மா ஒரு நகராட்சியில் உறுப்பினர். எந்த நகராட்சி என்பது வேண்டாம். தொலைபேசி அப்பாவிடம் இருந்தது. மனுக்களை அப்பா வாங்கினார். அம்மா கூட்டத்துக்குப் போய்க் கையெழுத்திட்டு வந்தார். "அம்மாவுக்கு எதுவும் தெரியாது மேடம்" என்று இவளே சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது, அவள் மேல் அல்ல. 2023 ஜூலை முதல் நகராட்சி உறுப்பினருக்கு மாதம் 5,000 ரூபாயும் மாநகராட்சி உறுப்பினருக்கு 10,000 ரூபாயும் மதிப்பூதியம் தருகிறார்கள். அதற்கு முன் கூட்டத்துக்குக் கூட்டம் அமர்வுப் படி மட்டும். சொந்த வருமானம் இல்லாத ஒரு பெண் ஆட்டோவுக்குக்கூட வீட்டில் கேட்டு வாங்கிக்கொண்டுதான் மக்கள் சேவைக்குப் போக வேண்டும் என்றால், தொலைபேசி யாரிடம் இருக்கும் என்பதில் மர்மம் ஒன்றுமில்லை. அந்த மதிப்பூதியம் வந்த மாதம் அம்மா தன் பெயரில் ஒரு சிம் வாங்கினார் என்று மாணவி பின்பு சொன்னாள்.

புறநகர் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. சுற்றியுள்ள கிராம ஊராட்சிகளை மாநகராட்சிகளோடு சேர்க்கும் பேச்சு எழும்போதெல்லாம் முதலில் எதிர்த்துத் தெருவுக்கு வருபவர்கள் பெண்கள். சேர்ந்தால் நூறு நாள் வேலை போய்விடும், கிராம சபை போய்விடும், வரி ஏறும். நிலம் வைத்திருப்பவருக்கு மனை விலை கூடும். இரண்டும் ஒரே வீட்டுக்குள்கூட நடக்கும். மாமனார் இணைப்புக்கு ஆதரவு, மருமகள் எதிர்ப்பு. முன்னேற்றத்துக்கு எதிரானவர்கள் என்று அவளை எழுதுபவர்கள் அவளுடைய கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை.

சென்ற ஆண்டு மாணவிகளை உத்திரமேரூருக்கு அழைத்துப்போனேன். அந்த மாணவி தன் அம்மாவையும் கூட்டி வந்திருந்தாள். கோயில் சுவரில் எழுத்துகளை விரலால் தொடாமல் காட்டிக்கொண்டே வந்தேன். ஏரி வாரியம் வந்ததும் அம்மா நின்றார். "இவங்க எத்தனை வருசம் இருப்பாங்க?" ஒரு வருடம் என்றேன். "அதுக்கப்புறம்?" மூன்று வருடம் நிற்க முடியாது என்றேன். "கணக்கு?" காட்டாவிட்டால் அவருடைய உறவினரும் நிற்க முடியாது என்று, அந்த நீண்ட பட்டியலைச் சொன்னேன். வீட்டுக்காரர் அதில் வருவாரா என்று கேட்டார். பெண்ணே உறுப்பினர் இல்லை என்பதால் கணவனைத் தடுக்க அவர்களுக்குத் தோன்றவில்லை என்றேன். மகள் சத்தமாகச் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை, சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது அவருடைய கைப்பையில் தொலைபேசி அடித்தது. எடுத்துக்கொண்டு தூண் பக்கம் நகர்ந்தார். "நான்தான் பேசறேன், சொல்லுங்க. எந்தத் தெரு? மூணு நாளாவா? மோட்டார் போச்சா, லைன்ல அடைப்பா? பாத்துட்டு நீங்களே சொல்லுங்க. இல்ல, அவருக்குப் போட வேண்டாம், எனக்கே போடுங்க."